காய்ந்த மணலின் காவல்காரர்

“நிழலத் தேடாதீங்க தங்கச்சி. தேடினா மாட்டிக்குவீங்க. இந்த ஊர்ல நிழல் பார்த்து உட்கார்றவன் ஊர்க்காரன். காசு கொடுத்து வந்தவன் வெயில்லதான் கிடப்பான்.”

மொரீஷியஸ் தீவின் மாயெபூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன யோசனைகளில் இதுதான் முதலாவது. கிழக்குக் கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் கடற்கரைக்கு அவர் காவலாளி. உள்ளூர் ஜனங்கள் ஹோட்டல் மணலில் வந்து உட்கார்ந்தால் விசில் ஊதி எழுப்பிவிடுவது அவர் வேலை. பகல் முழுக்க அதைச் செய்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அந்த விசிலுக்குத் தப்புவது எப்படி என்று அதே உள்ளூர் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். இப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவரைப் பற்றி நல்லபடியாக நினைக்க எனக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. என்னைப் பற்றி நினைக்கத்தான் வழியில்லை.

என் கணவர் ஒப்பந்தத்தில் தமிழாசிரியராக மொரீஷியஸ் போனவர். கல்யாணமான மூன்றாம் மாதம் நானும் போய்ச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தெருவில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் விடியுமுன் வேன் ஏறிப் பின்னலாடை ஆலைக்குப் போனார்கள். பையன்கள் ஹோட்டல்களுக்குப் போனார்கள். கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று தோட்டத்துக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இருபது வருஷம் கரும்பு வெட்டியவர்தான். இடுப்பு விட்டுப்போன பிறகு, சும்மா நிற்கிற வேலை ஹோட்டலில் கிடைத்தது. முருகன் கொடுத்தது என்பார். “இந்த வேலை போச்சுன்னா மறுபடி கரும்புக்குத்தான் போகணும். இந்த இடுப்போட போனா நான் கரும்ப வெட்ட மாட்டேன், அது என்னை வெட்டிரும்” என்று சிரிப்பார். ஐம்பதைத் தாண்டியவர். வேறு எங்கும் அவரை எடுக்க மாட்டார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

அவர் பேசியது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த ஊர்ப் பேச்சு. தமிழ் என்றால் கோயில் வகுப்பில் படித்த புத்தகத் தமிழ்தான். அதைப் பட்டு வேட்டி மாதிரி விசேஷத்துக்கு மட்டும் எடுப்பார். தங்கச்சி, அண்ணன், மாமா போன்ற உறவுச் சொற்கள் மட்டும் கிரியோலுக்கு நடுவே தாராளமாக வரும். அங்கே போன ஒரு வருஷத்தில் எனக்குக் கிரியோல் பிடிபட்டுவிட்டது. ஆகவே இங்கே அவர் பேசுகிற பேச்சுத் தமிழ் என்னுடையது, விஷயம் அவருடையது.

மணலுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அலை நனைத்த மண் எல்லோருக்கும் பொது. காய்ந்த மண் ஹோட்டலுக்கு. ஈர மண்ணில் யார் எவ்வளவு நேரம் நடந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். ஒரு கால் காய்ந்த மண்ணில் பட்டால் விசில் வாய்க்குப் போய்விடும். கடல் ஏறுகிற நேரத்தில் ஜனங்களுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை குட்டிகளோடு கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்களாம். “நானா தள்றேன்? கடல்தானே தள்ளுது” என்பார். சொல்லும்போது முகம் கொஞ்சம் கோணும்.

அவரிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவர்கள். ஆலையில் தைக்கிற பெண்ணும் பஸ் கம்பெனிப் பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த நீலத் தண்ணீருக்கு முன்னால் சாய்ந்து படுக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். தப்பா அது? அந்தத் தண்ணீரின் படத்தை ஐரோப்பா முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். இவர் அவர்களைத் தன் வீட்டு முன்னறையில் உட்கார வைத்து, கைவிரலை மடக்கி மடக்கிச் சொல்வார். ஒன்பது மணிக்கு முன்னால் போகாதே, அப்போது விருந்தாளிகள் சாப்பாட்டு அறையில் இருப்பார்கள், நீ தனியாகத் தெரிவாய். பஸ்ஸில் வலது பக்கம் உட்கார், வழியெல்லாம் கடல் தெரியும், அதற்கு யாரும் உன்னை எழுப்ப முடியாது. சந்தைக்கு எடுத்துப்போகிற பின்னல் கூடையை, அந்தத் தாந்த்தை, வீட்டிலேயே விட்டுவிடு. பிரியாணித் தேக்சா கூடவே கூடாது. கடலைக் கண்டதும் ஓடாதே. “ஊர்க்காரன் சாயங்காலம் பஸ் போயிருமேன்னு ஓடுவான். பத்து நாள் தங்கறவன் மெதுவா நடப்பான்.” உடுத்திய துணியோடு தண்ணீரில் இறங்காதே. எதிரே வருகிறவனுக்கு நீயாகப் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லாதே. அவன் சொன்னால் பாதிச் சிரிப்பு சிரி. காவலாளி வந்து கிரியோலில் ஏதாவது கேட்டால் புரியாத மாதிரி நில்.

“காவலாளின்னா நீங்கதானே அண்ணே?” என்று நான் கேட்டேன்.

“ஆமா. என் வேலை பார்க்கறது. பார்த்துட்டா விரட்டணும், அது சம்பளம். நான் பார்க்காத மாதிரி நீங்க வந்து போனா அது உங்க சாமர்த்தியம்.”

என் கணவருக்கு இது அறவே பிடிக்கவில்லை. “பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டற விலாங்கு” என்றார். எனக்கோ அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அவர் விலாங்கு இல்லை என்பதும் தெரியும். விலாங்காக இருந்தால் பிழைத்திருப்பார். அவர் இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்தார், அதுதான் வினை. ஒரு புதுவருஷத்தன்று கோயில் கமிட்டித் தலைவர் குடும்பம் பெரிய தேக்சாவோடு போய்க் காய்ந்த மணலில் பாய் விரித்தது. இவர் விசில் ஊதி, தலைவரின் மனைவி உட்பட அத்தனை பேரையும் எழுப்பிவிட்டார். அந்தத் தைப்பூசத்துக்கு இவர் காவடி எடுத்தபோது, ஊர்வலத்தில் கடைசி ஆளாக நிற்க வைத்தார்கள். பெண்கள் வரிசையில் நானே கேட்டேன், ‘மணல் போலீஸ்’ என்று ஒருத்தி சிரித்தாள். பத்து நாள் விரதத்தில் கன்னம் ஒட்டிப்போய், அலகு குத்திய நாக்கோடு அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

“தெரிஞ்சவங்கதானே, பார்க்காத மாதிரி விட்டிருக்கலாமே?” என்று பிறகு கேட்டேன்.

“தேக்சா கொண்டு வந்தாங்க தங்கச்சி. நான் என்ன குருடனா?”

அவருக்கு ஒரே மகள். ஆலையில் ஸ்வெட்டருக்குக் கை இணைக்கிறவள். அவளுக்குக் கல்யாணமானதும் மருமகனையும் சேர்த்து உட்கார வைத்து, அதே விரல் மடக்கல்களை ஆரம்பித்தார். பாதியிலேயே அவள் எழுந்துவிட்டாள். “என் ஊர் மண்ணுல உட்கார நான் எதுக்குப்பா வேஷம் போடணும்? நீங்க ஊதுங்க, நான் வரல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டார்.

நாங்கள் போனோம். எங்களுக்குத் தேனிலவு என்று ஒன்று நடக்கவில்லை. பல்லடம் பக்கத்தில் என் அம்மா வீட்டில் நாலு நாள், பழனியில் ஒரு நாள், அவ்வளவுதான். ‘எவ்வளவு அழகான தீவுக்குப் போயிருக்கிறாய், அங்கே என்னவெல்லாம் பார்த்தாய்’ என்று தங்கை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்ததெல்லாம் மாயெபூர்ச் சந்தையும் பள்ளிக்கூடச் சுவரும்தான். ஒரு சனிக்கிழமை என் கணவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினேன். அவர் தொப்பி வைத்துக்கொண்டார். நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். மெதுவாக நடந்தோம். காய்ந்த மணலில் இரண்டு சாய்வு நாற்காலிகள் காலியாக இருந்தன. படுத்தோம்.

தூரத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். எங்களை முன்னே பின்னே தெரியாத முகத்தோடு, “போன்ழூர் மிஸ்யே, போன்ழூர் மதாம்” என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் கணவருக்கு வேர்த்துக் கொட்டியது. பத்து நிமிஷத்தில் அவர் எழுந்து சவுக்கு மரத்தடிக்கு நகரப் பார்த்தார். மறுபடி அந்த வெள்ளைச் சட்டை எங்களைக் கடந்தது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, புத்தகத் தமிழில் மெல்லச் சொன்னது: “வெயிலில் இருங்கள். தயவு செய்து வெயிலில் இருங்கள்.” இரண்டு மணி நேரம் இருந்தோம். ஒரு வாரம் முதுகு உரிந்தது. இன்றைக்கும் அந்தத் தீவில் என் மிகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அந்தச் சந்தோஷம் அவர் கொடுத்தது.

அதற்கடுத்த வருஷம், நவம்பர் மாதம், ஹோட்டல் கார் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தமிழ் தெரிந்தவர் உடனே வேண்டும் என்றார்களாம். என் கணவர் பரீட்சை நடத்திக்கொண்டிருந்ததால் காரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ‘வாத்தியாருக்கு முடியாவிட்டால் பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூப்பிடுங்கள், அவள் எல்லாம் சரியாகச் சொல்வாள்’ என்று நம் காவலாளியே கேட்டுக்கொண்டதாக டிரைவர் சொன்னான். நடந்ததையும் அவனே வழியில் சொன்னான்.

இந்தியாவிலிருந்து ஒரு புது ஜோடி வந்து தங்கியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம். அந்த ஹோட்டலில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான் தங்குவார்கள். அந்தப் பெண் சுடிதாரோடு கடலில் இறங்கி நனைந்துவிட்டு, ஓடிவந்து, புருஷனோடு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்திருக்கிறாள். காவலாளி பார்த்தார். நிழல், ஈரத்துணி, டப்பா, நிறம், எல்லாம் பொருந்தியது. விசில் ஊதினார். அவர்கள் அசையவில்லை. கிட்டே போய்க் கிரியோலில் ‘இங்கே முடியாது’ என்றார். அவர்கள் புரியாத மாதிரி பார்த்தார்கள். அதுவும் அவரே சொல்லிக்கொடுத்ததுதானே? நம்மிடம் படித்த பிள்ளைகள், பாதிதான் படித்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, அந்தப் பையனின் கையைப் பிடித்து எழுப்பி, ஈர மண் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் அறை ஏ.சி.யில் சில்லென்று இருந்தது. மேனேஜர் ஊர்க்காரர், ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல் இனத்தவர். படித்து அந்த நாற்காலிக்கு வந்தவர், நிதானமானவர். மேசைக்கு ஒரு பக்கம் அந்த ஜோடி உட்கார்ந்திருந்தது. எதிர்ப் பக்கம் காவலாளி, மடியில் தொப்பியோடு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக இருந்தது. நான் நுழைந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதற்குள் அந்தப் பெண், “அக்கா, வாங்க்கா, நீங்க எந்தூருங்க?” என்றாள்.

இரண்டரை வருஷமாயிற்று அந்தக் கொங்குப் பேச்சைக் கேட்டு. “பல்லடம் பக்கமுங்க” என்றேன். “அட, நம்மூர்தானுங்களா!” என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேனேஜர் முதலில் அவரைக் கேட்டார். அவர் நடந்ததை ஒளிக்காமல் கிரியோலில் சொன்னார். கையைப் பிடித்தேன், ஆமாம், இழுக்கவில்லை, கூட்டிப்போனேன் என்றார். “அந்தப் பொண்ணு ‘மாமா’ன்னு கூப்பிட்டுச்சு சார். அதனாலதான் நிச்சயமா நம்ம ஜனம்னு நினைச்சேன்” என்றார்.

பிறகு அந்தப் பையன் பேசினான். கோபத்தில் அவனுக்கு ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. “கையப் புடிச்சது கூடக் கிடக்குதுங்க. எங்களப் பார்த்தா இவனுக ஆளுகளாட்டவா தெரியுது? கப்பல் ஏறிக் கரும்பு வெட்ட வந்த கூலிக் கூட்டத்துக்கும் எங்களுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமுங்களா? கூலிக்காரனோட என்னைச் சேர்த்துட்டான். அதத்தான் என்னால பொறுக்க முடியல. சொல்லுங்க அவருகிட்ட.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனையோ முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யோசிக்க நேரம் இருந்தது. அந்தக் கறுத்த மேனேஜர் முன்னால், என் ஊர்க்காரன் சொன்னதை என் வாயால் சொல்ல எனக்குக் கூசியது. எங்கள் ஊர் மானம் போய்விடும் என்று நினைத்தேன். அதனால் ஆங்கிலத்தில், “எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்தாராம். மனைவி மிகவும் பயந்துவிட்டாராம்” என்றேன்.

அந்தப் பெண் பயப்படவே இல்லை. ஈரச் சுடிதாரோடு ஏ.சி.யில் உட்கார்ந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அந்த நடுக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் இறுகிவிட்டது. ஆளைத் தவறாக நினைத்தது ஒன்று, விருந்தாளியின் பெண்டாட்டி நடுங்கும்படி செய்தது வேறொன்று.

அப்போது அவர் தமிழில் பேசினார். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற அந்தத் தமிழ். “தங்கச்சி, அவர் கூறியது எல்லாவற்றையும் கூறிவிட்டீர்களா?”

“கூறிட்டேன் அண்ணே” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மேனேஜர் அன்றோடு வேலை முடிந்தது என்று பிரெஞ்சில் சொன்னார். விசிலையும் சட்டையையும் ஒப்படைக்கச் சொன்னார். அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. “சாப்பிட்டுத்தான் போகோணும் அக்கா” என்று அந்தப் பெண் விடவில்லை, எனக்கும் விட்டுப்போக மனசில்லை. கடலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து, பல்லடத்துச் சந்தை, காரணம்பேட்டை பஸ், யார் யார் தூரத்துச் சொந்தம் என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். வேறெந்தத் தீவு நன்றாக இருக்கும், அடுத்த முறை எங்கே போகலாம் என்று அந்தப் பையன் என்னைக் கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிளம்பும்போது கேக்கை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பிப் போக யாரும் கார் தரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். பனியனோடு இருந்தார், சட்டையை வாங்கிக்கொண்டார்கள். கணக்குத் தீர்க்க இவ்வளவு நேரம் உட்கார வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பஸ் வந்தது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தோம், வேறு இடமில்லை.

பஸ் கிளம்பியதும் அவர் கிரியோலில் கேட்டார். “கூலின்னு சொன்னான்ல அவன்?”

“உங்களுக்குப் புரிஞ்சுச்சா?” என்றேன்.

“அந்த ஒரு வார்த்தைய எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், மதாம்.”

மதாம் என்றார். தங்கச்சி இல்லை.

“அப்ப நீங்களே மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“நான் சொன்னா யார் நம்புவா? தமிழ் தெரிஞ்சவங்கன்னு உங்களத்தானே கூட்டிட்டு வந்தாங்க. நீங்க சொல்லியிருந்தா மேனேஜருக்குச் சுருக்குன்னு பட்டிருக்கும். அவரோட முன்னோரும் கப்பல்ல வந்தவங்கதான், அதுவும் அடிமைச் சங்கிலியோட. அவங்க பக்கம் சாய்ஞ்ச மனுஷன் ஒரு நிமிஷம் என் பக்கமும் பார்த்திருப்பாரு. அந்த ஒரு நிமிஷம் போதும் எனக்கு. ஏன் சொல்லல?”

“வெட்கமா இருந்துச்சு” என்றேன்.

“யாருக்காக?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. “உங்களுக்காகத்தான் அண்ணே. அந்த வார்த்தைய உங்க முன்னாடி திருப்பிச் சொல்ல மனசு வரல” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் மணலில் ஒரே நொடியில் ஆளைக் கண்டுபிடித்த பார்வை.

“எனக்காகன்னா, எம் பக்கத்து நாற்காலி காலியாத்தானே இருந்துச்சு, மதாம்” என்றார்.